இடைவெளியின் கணக்கு

பள்ளிபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



விமானத்தைப் பற்றிப் பேச வருகிறேன் என்று தெரிந்ததும் இங்கே பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சேலம் ஏர்போர்ட்டுக்கு எப்போது பெரிய விமானம் வரும்?" நியாயமான கேள்வி. ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் விமான நிலையம் 1993இல் வந்தது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னை விமானம் ஓடத் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோனது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓடுபாதை 1,806 மீட்டர், ஏ.டி.ஆர். விமானத்துக்குப் போதும், ஏர்பஸ்ஸுக்குப் போதாது. ஆகவே பேச்சு எப்போதும் ஓடுபாதையை நீட்டுவது, நிலம் எடுப்பது என்றே போகிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவித்த பிறகும் அதே பேச்சுதான்: எத்தனை ஏக்கர், எத்தனை கோடி.

ஒரு விமான நிலையம் மணிக்கு எத்தனை விமானங்களைத் தாங்கும் என்பதில் சிமென்ட்டுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, ஒரு விமானம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு நிச்சயமாகத் தெரியும், சொன்ன சொல் சொன்னபடி போய்ச் சேர்ந்ததா, அதைக் கொண்டு சேர்க்கிற கருவி கெடாமல் இருக்குமா என்பதில் இருக்கிறது. இன்றைய பேச்சு அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். இறங்க வரும் ஜெட் விமானத்தின் வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல். ரேடார் கண்காணிப்பு உள்ள இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற இரண்டு விமானங்களுக்கு நடுவே 3 கடல் மைல் விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க 77 நொடி ஆகும். அப்படியானால் மணிக்கு 46 விமானங்கள் இறங்கலாம். இடைவெளியை 6 கடல் மைலாக்கிப் பாருங்கள், எண்ணிக்கை 23 ஆகிவிடும். ஓடுபாதையில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை, கொள்ளளவு மட்டும் பாதியாகிவிட்டது. நடைமுறையில் இதைவிடச் சிக்கல் உண்டு. இரண்டு இறக்கங்களுக்கு நடுவே ஒரு புறப்பாட்டைச் செருக வேண்டும்; பெரிய விமானத்தின் பின்னால் காற்று சுழன்று கிடக்கும், சின்ன விமானத்தை அதற்குள் அனுப்ப முடியாது. இருந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இதை இறுக்கிப் பிடித்துச் செய்து காட்டிய ஊர் மும்பை. அங்கே ஓடுபாதைகள் இரண்டு இருந்தும் அவை ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2018 டிசம்பரில் ஒரு நாள் 24 மணி நேரத்தில் 1,007 விமானங்கள் அங்கே ஏறி இறங்கின. சராசரியாக 86 நொடிக்கு ஒன்று. சென்னையிலும் ஓடுபாதைகள் குறுக்கே வெட்டித்தான் கிடக்கின்றன.

அந்த 3 கடல் மைல் எங்கிருந்து வந்தது? யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதிய எண் இல்லை அது. நம்முடைய அறியாமைக்கு நாம் கட்டும் விலை. வங்காள விரிகுடாவின் நடுவே ரேடார் எட்டாது. அங்கே பழைய முறையில், ஒரே உயரத்தில் பின்னால் வரும் விமானத்துக்குப் பத்து நிமிட இடைவெளி. ஜெட் வேகத்தில் அது ஏறத்தாழ 80 கடல் மைல். எச்.எஃப். ரேடியோவின் இரைச்சலுக்கு நடுவே விமானி அவ்வப்போது சொல்கிற இடம்தான் ஆதாரம். அவர் சொன்ன பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. செயற்கைக்கோள் வழியாக விமானமே தன் இடத்தை அனுப்புகிற முறையும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரும் விமானியும் எழுத்தில் செய்தி பரிமாறுகிற முறையும் வந்தபோது, அதே கடலில் இடைவெளி 50 கடல் மைலாகச் சுருங்கியது. நிலத்தின் மேல், நீண்ட தூர ரேடாருக்குள் வந்தால் 5. விமான நிலையத்தை நெருங்கினால் 3. கடலும் மாறவில்லை, வானமும் மாறவில்லை. தெரிந்துகொள்ளும் அளவு மாறியது.

நம் தலைக்கு மேலேயே இது நடக்கிறது. கோவைக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டால் பள்ளிபாளையத்தை ஒட்டித்தான் போகும். நாட்டின் வான்வெளியை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வானம் சென்னையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு கொழும்பு, மாலத்தீவு, கோலாலம்பூர் எல்லைகள் வரை கடலிலும் நீள்கிறது. 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்தபோது அதில் ரேடியோவே கிடையாது. விமானியின் கண்தான் எல்லாம். வானத்தில் வேறு யாரும் இல்லாத காலம், அதனால் பிழைத்தார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம்.

கன்ட்ரோலர் பேசுவது எப்படி இருக்கும்? விமானத்தின் அழைப்புப் பெயர், பிறகு கட்டளை: இந்த உயரத்துக்கு இறங்கு, இந்தத் திசைக்குத் திரும்பு. விமானி "சரி" என்று மட்டும் சொன்னால் போதாது. உயரத்தையும் திசையையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். கன்ட்ரோலர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தான் சொன்னதுதானா என்று ஒப்பிட வேண்டும். இரண்டாவது பாதிதான் கடினம். தன் வாயால் சொன்ன எண்ணையே திரும்பக் கேட்போம் என்று மனம் எதிர்பார்த்து நிற்கும். வேறு எண் வந்தாலும் எதிர்பார்த்ததே காதில் விழும். அமெரிக்காவின் வோல்பே மையத்தில் கிம் கார்டோசி 1990களில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். தவறான ரீட்பேக் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டார். ஆறுதலான எண். ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: ஒரே மூச்சில் சொல்லும் தகவல்கள் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. நெரிசல் நேரத்தில் கன்ட்ரோலர் என்ன செய்வார்? நேரத்தை மிச்சப்படுத்த நான்கு கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார். கொள்ளளவை இறுக்கும் அந்த நிமிடத்தில்தான் பிழைக்கும் வாசல் திறக்கிறது.

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது இன்னொரு முட்டுக்கட்டை. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கேட்பது ஒரு கீச்சொலி. விமான ரேடியோ இன்றும் ஏ.எம். முறையில் இயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. எஃப்.எம்.மில் வலுவான குரல் மெலிந்த குரலை முழுசாக விழுங்கிவிடும், இருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் அந்தக் கீச்சொலியாவது மிஞ்சும். ஆனால் கீச்சொலி கேட்டால் போதுமா, அதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டாமா? 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. மூடுபனி, தரை ரேடார் இல்லை. கே.எல்.எம். விமானம் புறப்பட ஓடத் தொடங்கியது. "காத்திரு, கூப்பிடுகிறேன்" என்ற பொருளில் டவர் பேசியதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்ற பொருளில் பான் ஆம் விமானம் பேசியதும் ஒன்றோடொன்று மோதி, கே.எல்.எம். அறையில் வெறும் கீச்சொலியாக விழுந்தன. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பாட்டைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

நம் நாட்டுக் கதை 1996 நவம்பர் 12 அன்று மாலை ஹரியானாவின் சர்கி தாத்ரி வயல்களுக்கு மேலே நடந்தது. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747, டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76. பெரும்பகுதி வான்வெளி ராணுவத்தின் வசம் இருந்ததால் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி என்று கட்டளை. நடுவே ஆயிரம் அடி. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையையும் கன்ட்ரோலர் கொடுத்தார். கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கி மோதியது. 349 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

நீதிபதி லகோட்டி ஆணையம் கஜக் விமானம் அனுமதியின்றி இறங்கியதே காரணம் என்றது. சரியான முடிவு. ஆனால் என்னைப் போன்ற கருவிக்காரன் அந்த விபத்தில் பார்ப்பது வேறு. கஜக் விமானத்தில் கன்ட்ரோலரோடு பேசியது விமானி இல்லை, தனியாக உட்கார்ந்திருந்த ரேடியோ ஆபரேட்டர். உயரமானி அவர் முன்னால் இல்லை. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். கட்டளையை வாங்குகிற காதும் அதைச் செய்கிற கையும் வேறு வேறு ஆளிடம். கீழே டெல்லியில் இருந்தது முதல்நிலை ரேடார். அது திரையில் ஒரு புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி எந்த உயரத்தில் பறக்கிறது என்று சொல்லாது. உயரத்தையும் காட்டக்கூடிய இரண்டாம்நிலை ரேடார் வாங்கப்பட்டு, பயன்பாட்டுக்கு வராமல் இருந்தது. ஆகவே கன்ட்ரோலரின் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்கின, அவ்வளவுதான். 15,000 அடியில் இருக்கிறேன் என்று வந்த குரலைத் தவிர அவர் கையில் எதுவும் இல்லை. குரலை நம்புவது, சரிபார்க்க வழியில்லாமல் நம்புவது: இதைத்தான் நான் பழுது என்பேன். விபத்துக்குப் பிறகு வழித்தடங்கள் பிரிக்கப்பட்டன. ஒன்றையொன்று நெருங்கும் விமானங்கள் தாங்களே எச்சரித்துக்கொள்ளும் கருவி இந்திய வானில் கட்டாயமானது.

இப்போது கருவிகளின் நம்பகத்தன்மை. தறி ஓடும் இந்த ஊரில் இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தறியில் பாவு இழை ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. ஒன்று அறுந்தால் தறிக்காரர் தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார். துணியில் பிழை வராமல் இருக்க நிறுத்துவதுதான் பாதுகாப்பு. வானத்தில் அப்படி நிறுத்தும் கைப்பிடி கிடையாது. ரேடார் நின்றால் விமானம் நிற்காது. அது நொடிக்கு இருநூறு மீட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே விமானப் போக்குவரத்தில் எதுவும் கெட்ட பிறகும் ஓடியாக வேண்டும். மாற்றுக் கருவி என்பது அங்கே ஆடம்பரம் இல்லை.

மாற்றுக் கருவியின் கணக்கு மாணவர்களுக்குத் தெரியும். ஒரு கருவி நூற்றுக்கு 99 நேரம் ஓடும் என்றால், அப்படிப்பட்ட இரண்டை இணையாக வைத்தால் 99.99. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் கெட வேண்டும் என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேர்வில் கேட்கமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டன் அந்த நிபந்தனையின் விலையைக் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் அங்குள்ள வான்போக்குவரத்துக் கணினிக்கு வந்தது. அதில் டி.வி.எல். என்ற மூன்றெழுத்துப் பெயரில் இரண்டு இடங்கள்: ஒன்று பிரான்ஸில் டோவில், இன்னொன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். கணினி குழம்பியது. தவறான தகவலை அனுப்புவதைவிட நின்றுவிடுவது நல்லது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நின்றது. உடனே மாற்றுக் கணினி பொறுப்பெடுத்தது. அதிலும் அதே மென்பொருள், அதே பயணத் திட்டம். அதுவும் நின்றது. அதுவரை ஒன்றரைக் கோடிப் பயணத் திட்டங்களைச் சிக்கலின்றிக் கடத்திய அமைப்பு அது. கைமுறையில் மணிக்கு அறுபது என்று தட்டச்சு செய்து தள்ளினார்கள். ஏழு லட்சம் பயணிகளுக்கு மேல் சிக்கினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து டெல்லி. 2025 நவம்பர் 6, 7. விமானங்களின் பயணத் திட்டங்களைக் கன்ட்ரோலரின் திரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தானியங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பு, ஏ.எம்.எஸ்.எஸ். என்பார்கள், முடங்கியது. ரேடார் வேலை செய்தது, ரேடியோ வேலை செய்தது, ஓடுபாதைகள் அப்படியே இருந்தன. 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. வெறும் தபால்காரர் வேலை செய்கிற ஒரு கணினி என்று நினைப்போம். ஆனால் கன்ட்ரோலரின் மேஜையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஸ்ட்ரிப் இருக்கும். முன்பு காகிதத்தில், இப்போது பெரும்பாலும் திரையில். அழைப்புப் பெயர், விமான வகை, உயரம், வழி, நேரம் எல்லாம் அந்தச் சிறு கீற்றில் வரிசையாக இருக்கும். கொடுத்த கட்டளையை அதில்தான் குறிப்பார், அடுத்தவர் பணிக்கு வரும்போது அதைப் பார்த்துத்தான் ஒப்படைப்பார். அது தானாக வராமல் ஒவ்வொன்றையும் கையால் நிரப்ப வேண்டும் என்றால், ஒரு கன்ட்ரோலர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய விமானங்கள் குறையும். வேறு வழியில்லை, புறப்பாட்டை நிறுத்தி வைப்பார்கள். அன்று யாருக்கும் காயம் இல்லை. தாமதம் என்ற விலையைக் கொடுத்து உயிரைக் காத்தார்கள். அதற்குக் கன்ட்ரோலர்களைப் பாராட்ட வேண்டும், திட்டக் கூடாது.

பழுது தனியாக வந்தால் சமாளிக்கலாம். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே அது கூட்டமாக வந்தது. சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசியை நிறுத்தியிருந்தார்கள். மாற்றுத் தொலைபேசியும் ஓடவில்லை. மோதல் எச்சரிக்கையின் ஒரு பகுதி அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு கன்ட்ரோலர்களில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பக்கத்து மையத்தில் திரையைப் பார்த்தவர்கள் மோதலை முன்பே கண்டு போன் போட்டார்கள், இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டு விமானங்கள் மோதின; 71 உயிர்கள், பெரும்பாலும் குழந்தைகள். பராமரிப்பு என்பதே ஒருவகைப் பழுது நேரம்தான். அந்த நேரத்துக்கு எத்தனை விமானங்களை ஏற்பது என்று முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பகத்தன்மையை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதில் எனக்கு ஒரு சண்டை உண்டு. 99.9 என்றால் ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் ஓடாது. 99.999 என்றால் ஐந்து நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தின் வான்வெளியைக் கவனிக்கும் பணியை 2024 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று தகவல் வரும் கம்பி பழுதாகி, ரேடார் திரை சுமார் 90 நொடி இருண்டது. மே 9 அன்று இன்னொரு முறை. முதல் நிகழ்வை மட்டும் ஆண்டுக் கணக்கில் வகுத்தால் 99.9997 வரும். எந்த டெண்டரிலும் தேர்ச்சி பெறும் எண். ஆனால் அந்தத் தொண்ணூறு நொடிக்குப் பிறகு சில கன்ட்ரோலர்கள் அதிர்ச்சியில் விடுப்பில் போனார்கள். ஓடுபாதைப் பணியும் சேர்ந்துகொள்ள, அரசு நியூவார்க்கின் வரவை மணிக்கு 28, புறப்பாட்டை 28 என்று குறைத்தது. பணி முடிந்த பிறகும் 34, 34 என்றுதான் உயர்த்தியது. தொண்ணூறு நொடியின் விலை பல மாதங்கள். சராசரி இதைச் சொல்லாது. எவ்வளவு நேரம் நின்றது என்பதைவிட எந்த நேரத்தில் நின்றது, அப்போது கையில் எத்தனை விமானங்கள் இருந்தன என்பதே கேள்வி.

இனி பரந்தூர். நிலம் எடுப்பதை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்களின் போராட்டத்துக்கு நியாயம் சொல்லவோ மறுக்கவோ நான் இங்கே வரவில்லை. ஒரு தொழில்நுட்பத் தகவலை மட்டும் வைக்கிறேன். இணையான இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றையொன்று சாராமல் விமானங்களை இறக்க வேண்டுமானால் அவற்றின் மையக்கோடுகளுக்கு நடுவே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் அந்த 1,035 மீட்டர், விமானத்தின் இடத்தை இரண்டரை நொடிக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கும் துல்லியமான கண்காணிப்பு இருந்தால்தான். ஐந்து நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும் சாதாரண ரேடார் என்றால் குறைந்தது 1,310 மீட்டர். கண்காணிப்புக் கருவி மெதுவானால் ஓடுபாதைகள் குறைந்தது 275 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஓடுபாதையின் முழு நீளத்துக்கும் அது எத்தனை ஏக்கர் என்று மாணவர்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். விவசாயியின் நிலத்துக்கும் ரேடாரின் வேகத்துக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு உண்டு என்பது பொதுக்கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை.

சேலத்துக்கும் ஒரு வார்த்தை. சின்ன விமான நிலையங்களுக்கு விலையுயர்ந்த இறங்குவழிக் கருவிகளைத் தரையில் நிறுவுவது கட்டுப்படியாகாது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு, ஜி.பி.எஸ். பிழையைச் செயற்கைக்கோள் வழியே திருத்திக் கொடுக்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககன் உதவியோடு இறங்கிக் காட்டியது. சேலத்துக்கு வருவதும் அதே வகை விமானம். ஆனால் ககனை மட்டும் நம்பவும் கூடாது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜி.பி.எஸ். குறுக்கீடுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தரையில் உள்ள பழைய ரேடியோ வழிகாட்டிகளை மூடிவிடாமல் வைத்திருக்க வேண்டும். மாற்றுக் கருவி வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் பிரிட்டனின் டி.வி.எல். குழப்பம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எல்லோரும் பெங்களூருக்கு மென்பொருள் வேலைக்கே பஸ் ஏற வேண்டுமா? விமான நிலைய ஆணையத்தின் கன்ட்ரோலர் தேர்வை பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் படித்தவர்களும் எழுதலாம். கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் பணி தனியாக உண்டு. வெளியே பெயர் தெரியாத வேலை, ஆனால் இன்று நான் சொன்ன எல்லா எண்களும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

பெரியவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். எத்தனை பயணிகள், எத்தனை விமானங்கள் என்ற கணக்கை விமான நிலைய ஆணையம் மாதந்தோறும் வெளியிடுகிறது. அதே பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும்: ரேடார், ரேடியோ, செய்திப் பரிமாற்ற அமைப்பு ஆகியவை அந்த மாதம் எத்தனை முறை நின்றன, எந்த நேரத்தில், எத்தனை நிமிடம், அப்போது வானத்தில் எத்தனை விமானங்கள் இருந்தன. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டு கேட்டு வரும்போது சேலத்துக்கு ஏர்பஸ் எப்போது என்று கேளுங்கள், தவறில்லை. கூடவே இந்தப் பத்தியையும் கேளுங்கள்.